உன் கவிதையில் வரும் மஞ்சள் பறவை

கதிர்,

உன் கவிதை புத்தகமாக வரப்போகிறது, அதற்கு நான் அணிந்துரை எழுதித் தர வேண்டும் என்று கேட்டு அனுப்பியிருந்தாய். "தாயும் தமிழாசிரியையுமான தங்களின் ஆசி முதல் பக்கத்தில் அமைந்தால் தியான மையத்தில் அனைவரும் மகிழ்வர்" என்று எழுதியிருந்தாய். அம்மா என்று தொடங்கி நான்காவது வரிக்குள் ‘தங்களின்’ என்று போய்விட்டாய். பரவாயில்லை, அங்கே அப்படித்தான் பேசப் பழக்குகிறார்கள் போலிருக்கிறது. உனக்குத் தனியாகப் பதில் எழுதியிருக்கலாம். ஆனால் உன் கவிதை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்தது, மையத்தின் இதழில் வந்தது, பூந்தமல்லியில் ஒரு கல்யாண மண்டபத்தில் மைக் வைத்து வாசிக்கப்பட்டது. எங்களை ஒவ்வொருவராக ஒரு நிறம் பூசி ஊருக்கு முன்னால் நிறுத்தினாய். அதனால் என் பதிலையும் நாலு பேர் படிக்கட்டும்.

அம்பத்தூரில் ஒரு பள்ளியில் வேலைக்காலம் முழுவதும் பன்னிரண்டாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்தவள் நான். "இப்பாடலில் வரும் இடம், உறவு, நிறம் ஆகியவை எவற்றைக் குறிக்கின்றன? விளக்குக" என்று எத்தனை முறை வினாத்தாள் அமைத்திருப்பேனோ தெரியாது. பிள்ளைகள் பக்கத்தை நிரப்ப வேண்டுமே என்று எதையாவது எழுதுவார்கள். ஆறு என்றால் வாழ்க்கை, படகு என்றால் உடம்பு, இருட்டு என்றால் அறியாமை. மணி அடிக்கப்போகிற அவசரத்தில் பதினேழு வயதுப் பிள்ளை எழுதுவதை மன்னித்து இரண்டு மதிப்பெண் போடலாம். உனக்கு முப்பத்தெட்டு வயது. யாரும் மணி அடிக்கவில்லை. மலையடிவாரத்தில் வேளாவேளைக்குச் சோறு போட்டு, சும்மா உட்கார் என்று விட்டிருந்தார்கள். அப்படி உட்கார்ந்து நீ எழுதிய ‘வெண்மலை’யை நான்கு தடவை படித்தேன். ஒரு தடவைகூட அதில் ஓர் ஆளைப் பார்க்க முடியவில்லை.

இடத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். "கரிய ஏரியின் கரையில் பிறந்தேன், காய்ந்த வேரொன்று காலைப் பிடித்தது" என்பது உன் முதல் வரி. பட்டாபிராமில் நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஏரி என்றைக்கடா கறுப்பாக இருந்தது? ஆகாயத்தாமரை மண்டி வருஷத்தில் பாதி நாள் பச்சைப் பாயாகக் கிடக்கும். மழை பெய்தால் செம்மண் நிறத்தில் தெருவரைக்கும் வரும். அந்தத் தண்ணீரில்தான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உன்னை ஸ்டேஷன் வரை கூட்டிப்போவேன். உனக்கு ஏரி கறுப்பாக இருந்தாக வேண்டும், ஏனென்றால் நீ போய்ச் சேர்ந்த மலை வெள்ளையாக வேண்டும். பக்திப் பாட்டு எழுதிய பெரியவர்கள் ஓர் ஊரைப் பாடினால் அந்த ஊரில் சேறு இருக்கும், சேற்றில் மீன் இருக்கும், மீனுக்குக் காத்திருக்கும் நாரை இருக்கும். கடவுளிடம் போகும்போது வயலைப் பார்த்துக்கொண்டேதான் போயிருக்கிறார்கள். நீ கண்ணை மூடிக்கொண்டு போனவன். உனக்கு நான்கு நிறம் போதுமாக இருந்தது.

அடுத்தது உறவு. அந்தக் காய்ந்த வேர் நான்தான் என்பது எனக்குப் புரியாமல் போய்விடக்கூடாதே என்று இதழில் அடிக்குறிப்பே போட்டிருந்தார்கள்: "வேர், தாய்ப்பற்று." சரி, வேராக இருந்துவிட்டுப் போகிறேன், அறுபத்தாறு வயதில் காய்ந்துதான் இருப்பேன். ஆனால் உன் அப்பாவைப் பற்றி என்ன எழுதினாய்? "தண்டவாளத்தில் புகையாய்க் கரைந்த தந்தை." உன் அப்பா ஓட்டியது மின்சார ரயில். திருவள்ளூருக்கும் சென்ட்ரலுக்கும் நடுவே வேலைக்காலம் முழுக்க அவர் ஓட்டிய வண்டியில் ஒரு நாளும் புகை வந்ததில்லை. நீ அதில் ஏறித்தான் கல்லூரிக்குப் போனாய். அவர் கரையவும் இல்லை. சர்க்கரை முற்றி, கால் விரல் எடுத்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "சுகந்திய பாத்துக்கடா" என்று சொல்லிவிட்டுச் செத்தார். மருமகள் பெயரைச் சொல்லிவிட்டுப் போன மனிதரைப் புகை என்று எழுத உனக்குக் கை வந்தது. அந்த வரியைத் தாண்ட எனக்கு ஒரு நாள் ஆயிற்று. வருத்தத்தில் இல்லை, எரிச்சலில்.

உன்னை அறியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் மகனுக்கு முகப்பேரில் வீடு, மென்பொருள் கம்பெனியில் வேலை, சுகந்தி என்று மனைவி, யாழினி என்று எட்டு வயதில் ஒரு மகள். சுகந்தி வேப்பம்பட்டுப் பெண். நெல் போட்ட குடும்பம், இப்போது அவள் அப்பா ஏகாம்பரம் தண்ணீர் கேன் போடுகிறார். அவள் முகப்பேரிலேயே ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுத்துச் சோதிக்கிற வேலை பார்க்கிறாள். என் மகன் இரண்டு வருஷமாக ஞாயிறுதோறும் ஒரு தியான மையத்துக்குப் போய்வந்தான். கோடை விடுமுறை முடிகிற சமயம், "மூணு மாசம் மௌனப் பயிற்சி, போயிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கினான். கம்பெனி வேலையை அதற்கு முன்பே விட்டுவிட்டான் என்பது அவன் போன பிறகுதான் தெரிந்தது. கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்களாம். அதற்கும் சுகந்தி சரி என்றாள். "ரொம்ப நாளா மனசு சரியில்லாம இருக்காரு அத்தை, போயிட்டு வரட்டும்" என்று என்னிடம் உனக்காகப் பேசியவளே அவள்தான். அவளைத்தான் நீ "பாதத்தைச் சுற்றிய பச்சைக் கொடி" என்று எழுதினாய். போ என்று கதவைத் திறந்துவிட்டவள் எப்படிக் காலைச் சுற்றினாள்?

நீ போன இரண்டாம் மாதம் யாழினிக்குக் காய்ச்சல் வந்தது. எது கொடுத்தாலும் வாந்தி. பள்ளியில் இன்னும் சில பிள்ளைகளுக்கும் அப்படித்தான், தண்ணீர் சரியில்லை என்று பேசிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் காலையில் பல் தேய்க்க நின்றவளின் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள் சுகந்தி. குழந்தையின் கண் வெள்ளை முழுவதும் மஞ்சள். நேராகத் தான் வேலை செய்கிற இடத்துக்கே வண்டியில் கூட்டிப்போனாள். கூட வேலை செய்கிற பெண், "நீ வெளிய இரு அக்கா, நான் எடுக்கறேன்" என்றாளாம். இவள் விடவில்லை. தன் மகள் கையில் தானே ஊசி போட்டு ரத்தம் எடுத்து, தானே சோதித்து, வந்த காமாலை அளவைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தாள். அன்றைக்கே குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் பட்டாபிராம் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு நாள் குழந்தை கண்ணைத் திறப்பதும் மூடுவதுமாகக் கிடந்தாள். திறக்கிறபோதெல்லாம் அவள் கேட்டது ஒன்றுதான். "அப்பா வந்துட்டாரா?"

மையத்துக்குப் போன் செய்தால் ஒரு பெண் தேனாகப் பேசினாள். "சாதகர் மௌனத்துல இருக்காரும்மா, இப்ப உலகச் செய்தி எதுவும் கொடுக்க மாட்டோம்" என்றாள். உடனே ஏகாம்பரம் பஸ் பிடித்து அந்த மலைக்கே போனார். உன்னைப் பார்க்க விடவில்லை. வெள்ளை ஜிப்பா போட்ட ஒருவன் வாசலில் நிற்கவைத்து, விஷயத்தை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு, மௌனம் முடிந்ததும் கொடுப்போம் என்று சொல்லி அனுப்பிவிட்டான். திரும்பி வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தவர் சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னா டீச்சரம்மா இது? கொளந்தைக்கு ஒடம்பு சரியில்லைன்னு சொன்னா, சிரிச்சிகினே கை கும்புடறான். அட்ச்சிருந்தாகூட மனசு ஆறியிருக்கும்."

"அவனுக்குத் தெரியாது சம்பந்தி. தெரிஞ்சா ஓடி வந்துடுவான்" என்றேன்.

சுகந்தி கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அதையே சொன்னேன், திரும்பத் திரும்பச் சொன்னேன். அவனுக்குத் தெரியாதும்மா, தெரிஞ்சா ஓடி வந்துடுவான். குழந்தை தேறி வீட்டுக்கு வந்து, பத்தியச் சாப்பாடு சாப்பிட்டு, பள்ளிக்குத் திரும்புகிறவரை நாங்கள் இருவரும் அதைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடினோம். மூன்று மாதம் முடிந்தும் நீ வரவில்லை. இன்னும் கொஞ்ச காலம் இருக்கப்போவதாக ஒரு செய்தி அனுப்பினாய். குழந்தையைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அந்தச் சீட்டு இவன் கைக்குப் போகவே இல்லை, பார்த்தாயா என்று நான் அதையும் உன் பக்கமாகவே திருப்பிச் சொன்னேன். வாதாடுவதற்கு என்னைவிட நல்ல வக்கீல் உனக்குக் கிடைத்திருக்க மாட்டாள்.

பிறகு பூந்தமல்லி மண்டபம். கவிதை அரங்கேற்றம், குடும்பத்தினர் அவசியம் வர வேண்டும் என்று அழைப்பு. இதழும் அன்றைக்குத்தான் வெளியீடு. குழுவில் அதுவரை முதல் பத்து வரிதான் வந்திருந்தது. யாழினியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நானும் சுகந்தியும் போனோம், ஏகாம்பரமும் வந்தார். நீ மேடையில் வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு, மூடிய கண்கள். எங்களைப் பார்த்தும் ஒரு சின்னத் தலையசைப்பு, யாரோ நன்கொடை கொடுக்க வந்தவர்களைப் பார்ப்பதுபோல. விளக்கம் சொல்ல ஒருவர் பட்டு ஜிப்பாவில் வந்தார். ஒவ்வொரு வரியையும் வாசித்துவிட்டு அவர் விளக்க, கூட்டம் கை தட்டியது. கரிய ஏரி என்பது மாயை. வேர் என்பது பிறப்பின் கட்டு. "பச்சை நிறம் எதைக் குறிக்கிறது? ஆசை! கொடி எதைக் குறிக்கிறது? இல்லறம்! படரும், சுற்றும், நெரிக்கும்!" என்று அவர் கையைக் கழுத்தில் வைத்துக் காட்டினார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஏகாம்பரம் எழுந்துவிட்டார்.

"ஐயா, ஒரு நிமிசம். அந்தக் கொடி எம் பொண்ணு. இதோ குந்திகினு கீது, நல்லா பாத்துக்கோங்க. யார் கழுத்தயும் நெரிக்கல. காலைல எய்ந்து சோறாக்கி வச்சிட்டு வேலைக்குப் போவுது. அப்பறம், வெள்ள மல வெள்ள மலன்றீங்களே, நான் வந்து பாத்துக்கீறேன். செக்கச்செவேல்னு மொட்டப் பாறை, சுத்தி வேலிக்காத்தான் முள்ளு. அத்த எவன் வெள்ளையடிச்சது?"

"நைனா, உக்காரு" என்று சுகந்தி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். விளக்கம் சொன்னவர் நிதானமாகப் புன்னகைத்து, "பாசம் பேசுகிறது" என்றார். அதற்கும் கை தட்டினார்கள். இப்படிப்பட்டவர்களிடம் ஒரு வசதி, நாம் என்ன பேசினாலும் அது அவர்கள் பாடத்துக்கு உதாரணமாகிவிடும்.

அதற்குப் பிறகுதான் கடைசிப் பகுதியை வாசித்தார். "கண் மஞ்சளித்த சிறு பறவை கடைசியாய் ஒருமுறை கூவியது. நான் திரும்பவில்லை, திரும்பவில்லை. வெண்மலை தன் கதவைத் திறந்தது." மஞ்சள் என்பது மகவின் மேல் வைத்த பற்று, ஞானத்துக்கு முன் வரும் கடைசிச் சோதனை, அதை வென்றவனுக்கே வெண்மை என்று அவர் விளக்கிக்கொண்டே போனார். நான் அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. என் பக்கத்தில் சுகந்தி இதழைப் புரட்டி அந்த வரியைத் தேடினாள். கண் மஞ்சளித்த. உலகத்தில் எத்தனையோ பறவைகள் மஞ்சளாக இருக்கின்றன, இறகு மஞ்சள், அலகு மஞ்சள். கண் வெள்ளை மஞ்சளாவது எப்போது என்று ரத்தம் சோதிக்கிறவளுக்கா தெரியாது?

கூட்டம் கலைந்து எல்லோரும் பிரசாதத்துக்கு வரிசையில் நின்றபோது அவள் மேடைப் படியருகே போனாள். நானும் பின்னாலேயே போனேன். நீ எழுந்து நின்றாய். உனக்கு நினைவிருக்கும், இருந்தாலும் எழுதுகிறேன்.

"பாப்பாவுக்குக் காமாலைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். உங்கப்பா வந்துட்டுப் போன அன்னிக்கே சீட்டைக் காட்டினாங்க."

"அன்னிக்கே?"

"அது எனக்குப் பெரிய சோதனை சுகந்தி. ராத்திரி பூரா அழுதேன். உனக்கு அது புரியாது."

அவள் "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். நீ என் பக்கம் திரும்பி, "அம்மா, கவிதை எப்படி இருந்தது?" என்று கேட்டாய். நான் உனக்குப் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கையால்தான் சொல்லியிருப்பேன், அதற்கும் அந்தப் பட்டு ஜிப்பா ஒரு விளக்கம் வைத்திருப்பார்.

திரும்பி வரும்போது அவள் வண்டியை ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மதுரவாயல் தாண்டி ஒரு சிக்னலில் நின்றபோது, முகத்தைத் திருப்பாமலேயே சொன்னாள்: "நீங்க சொன்னத நான் நம்பினேன் அத்தை." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். உனக்காக நான் சொன்னது அத்தனையும் பொய்யாகிப்போனது அந்த சிக்னலில்தான். நீ என்னை வேர் என்று எழுதியது எனக்கு ஒட்டவே இல்லை. மருமகள் எதிரில் என்னைப் பொய்க்காரியாக்கியதுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு வரை அவள் அதை இன்னொரு முறை சொல்லவில்லை. என் மாத்திரை டப்பாவை அவள்தான் நிரப்பி வைக்கிறாள்.

உன்னை எதற்காக இவ்வளவு கேவலமாகப் பார்க்கிறேன் என்று கேட்பாய். துறவு போனதற்காக இல்லை. போகிறவர்கள் போகலாம், நல்ல துறவிகளும் உலகத்தில் இருக்கிறார்கள். பயந்துபோய் வராமல் இருந்திருந்தாலும், கோழை என்று திட்டிவிட்டுச் சோறு போட்டிருப்பேன். நீ வராமல் இருந்துவிட்டு, அந்த வராமையை எடுத்துச் சீர் பிரித்து, நிறம் ஏற்றி, மேடையில் வைத்துக் கை தட்டல் வாங்கினாய். குழந்தையின் கண்ணில் இருந்த மஞ்சளை ஒரு தாய் பார்த்ததும் ஊசியை எடுத்தாள். தகப்பன் கேள்விப்பட்டதும் பேனாவை எடுத்தான். ராத்திரி பூரா அழுதாயாமே, அந்த அழுகையை வைத்துக்கொண்டு விடிகாலை முதல் பஸ்ஸைப் பிடித்திருந்தால் சாப்பாட்டு வேளைக்கு ஆஸ்பத்திரி வந்து சேர்ந்திருப்பாய். இந்த லட்சணத்துக்கு என் ஆசி வேண்டுமாம், அதுவும் முதல் பக்கத்தில். அணிந்துரை கிடையாது. மீறி என் பெயரைப் போட்டால், புத்தகம் விற்கிற இடத்தில் வந்து நின்று ஒவ்வொருவரிடமும் இந்தக் கதையைச் சொல்வேன். எனக்கு வகுப்பறைக் குரல் இன்னும் போகவில்லை.

இங்கே எப்படி இருக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன், நீ கேட்கவில்லை என்றாலும். பட்டாபிராம் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நான் முகப்பேரிலேயே இருக்கிறேன். சுகந்தி வேலைக்குப் போகிறாள். பள்ளிக் கூட்டத்துக்கு ஏகாம்பரம் வருகிறார், கேன் வண்டியிலேயே. முதல் தடவை யாழினிக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது, இப்போது முன் சீட்டில் ஏறிக்கொள்கிறாள். குழந்தைக்கு உடம்பு நன்றாகத் தேறிவிட்டது, ஓரங்குலம் வளர்ந்தும் இருக்கிறாள்.

போன வாரம் நாங்கள் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ரசம் ஊற்றிப் பிசைந்துகொண்டே யாழினி கேட்டாள்: "எனக்குக் காமாலை வந்தது அப்பாவுக்குத் தெரியுமா?"

நான் தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். பழக்கம். அதற்குள் சுகந்தி, "தெரியும்" என்றாள்.

"அப்போ ஏன் வரல?"

"வர வேணாம்னு முடிவு பண்ணிட்டாரு."

"ஏன்?"

"அது எனக்குத் தெரியாது பாப்பா. அவரத்தான் கேக்கணும்."

குழந்தை அழவில்லை. "அவர் வந்தா நான் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டாள். அன்றிலிருந்து அதைப் பற்றிப் பேசவே இல்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதே, அவளுக்கு அவள் அம்மாவின் புத்தி.

அதனால் நீ வருவதாக இருந்தால் வா. நான் தடுக்க மாட்டேன், சுகந்தி என்ன சொல்வாள் என்பது அவள் பாடு. பள்ளி வேன் சாயங்காலம் நம் கட்டிட வாசலில்தான் நிற்கும், நான்தான் கீழே இறங்கிப் போய்க் கூட்டி வருகிறேன். அந்த நேரத்துக்கு வந்து நில். வெள்ளை வேட்டி வேண்டாம், பழைய சட்டை ஏதாவது போட்டுக்கொண்டு வா. அவள் வேனிலிருந்து இறங்கி உன்னைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்பாள். பக்கத்தில் விளக்கம் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். எட்டு வயதுக் குழந்தைக்குப் புரிகிற மாதிரி, நீயே வாயைத் திறந்து பதில் சொல்.

அம்மா